கனவு என்று தெரிந்த பிறகும் கனவிலேயே தங்குவது எப்படி?

கேள்வி இதுதான்: "இது கனவு என்று கனவுக்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிடுகிறது, ஆனால் தெரிந்த பத்து விநாடியில் முழிப்பு வந்துவிடுகிறது. சிலர் மணிக்கணக்காக லூசிட் ட்ரீமில் இருந்ததாகச் சொல்கிறார்கள். அது உண்மையா? நீட்டிக்க வழி உண்டா? உள்ளேயே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?"

நான் பல வருடங்களாக இதைப் பழகி வருகிறேன், இது பற்றிய ஆய்வுகளையும் விடாமல் படிக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் "கையைத் தேய், சுற்று" என்று இரண்டு வரியில் சொல்லும் அறிவுரை எல்லா இடத்திலும் கிடைக்கிறது, ஏன் தேய்க்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. காரணம் புரியாமல் தேய்த்தால் நாலு நாள் வேலை செய்யும், ஐந்தாம் நாள் கைவிட்டுவிடும்.

மணிக்கணக்கு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தெளிகனவு, அதாவது நீங்கள் சொல்லும் லூசிட் ட்ரீம், பெரும்பாலும் ரெம் தூக்கத்தில், அதாவது மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசையும் அந்தக் கட்டத்தில் வருகிறது. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. முதல் சுற்றில் ரெம் சில நிமிடங்கள்தான் இருக்கும், விடியலை ஒட்டி வரும் சுற்றுகளில் அது அரை மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேலே நீளும். ஆக, ஒரே மூச்சில் மூன்று மணி நேரத் தெளிகனவு என்பதற்கு உடம்பில் இடமே இல்லை. ஸ்டம்பிரிஸ், எர்லாக்கர், ஜான்சன், ஷ்ரெட்ல் ஆகிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட இணையக் கருத்தாய்வில் 571 தெளிகனவாளர்கள் பங்கெடுத்தார்கள். அவர்கள் சொன்ன சராசரி நீளம் சுமார் 14 நிமிடம். அதுவும் அவர்களே சொன்ன கணக்கு. தூக்க ஆய்வகத்தில் கருவிகளோடு பதிவானவை பெரும்பாலும் இதைவிடச் சின்னவை.

"கனவில் நேரம் வேறு மாதிரி ஓடும், ஐந்து நிமிடத்தில் ஒரு வருடம் வாழலாம்" என்று சொல்பவர்களும் உண்டு. இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜ் என்ற ஆய்வாளர், கனவு காண்பவரை உள்ளேயே பத்து விநாடி எண்ணச் சொல்லி, தொடக்கத்திலும் முடிவிலும் கண்ணசைவால் குறி கொடுக்க வைத்தார். வெளியே எண்ணினால் ஆகும் நேரமேதான் உள்ளேயும் ஆனது. அப்புறம் ஜெர்மனியில் எர்லாக்கரும் ஷ்ரெட்லும் கனவுக்குள் தோப்புக்கரணம் போல உட்கார்ந்து எழும் பயிற்சியைச் செய்ய வைத்துப் பார்த்தார்கள். அது நனவில் ஆவதைவிட 40 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் நேரம் எடுத்தது. அதாவது உடம்பை அசைக்கும் வேலைகள் கனவில் மெதுவாகவே நடக்கின்றன. அப்படியானால் மணிக்கணக்காகத் தோன்றுவது ஏன்? கனவு காட்சிக்குக் காட்சி தாவுகிறது. வீட்டு வாசலில் இருக்கிறீர்கள், அடுத்த கணம் மலை உச்சியில் நிற்கிறீர்கள். நடுவில் இருந்த பயணத்தை மனசு தானாக நிரப்பிக்கொள்கிறது. இதோடு, விழித்தும் விழிக்காமலும் ஒரே விடியற்காலையில் நாலைந்து கனவுகளைக் கோர்த்துப் பார்த்தவர்கள் அதை ஒரே நீண்ட கனவாகவே நினைவில் வைத்திருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தக் கோர்க்கும் வித்தைதான் உண்மையில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது உங்கள் பத்து விநாடிப் பிரச்சினை. கனவு என்று தெரிந்த கணத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு சந்தோஷம் பொங்கும். "ஆஹா, வந்துவிட்டது!" என்று ஒரு படபடப்பு. அடுத்த எண்ணம் என்னவாக இருக்கும்? "ஐயோ, முழித்துவிடக் கூடாதே." இந்த இரண்டாவது எண்ணம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. முழித்துவிடக் கூடாது என்று நினைத்த மாத்திரத்தில் உங்கள் கவனம் படுக்கையில் கிடக்கும் உடம்புக்குப் போய்விடுகிறது. தலையணை, போர்வை, மின்விசிறிச் சத்தம் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. நினைவுக்கு வந்தால் காதிலும் தோலிலும் அவை வந்துவிடும். கவனம் ஒன்றுதான் இருக்கிறது. அது கனவு உடம்பில் இருந்தால் கனவு ஓடும், படுக்கை உடம்புக்குப் போனால் கனவு கலையும். என் அனுபவத்தில் நீட்டிக்கும் வித்தைகள் அத்தனையும் இந்த ஒன்றில் அடங்கிவிடுகின்றன: கனவைப் பிடித்து வைக்கப் பார்க்காதீர்கள், கனவு உடம்பின் புலன்களுக்கு ஓயாமல் வேலை கொடுங்கள்.

கையைத் தேய்ப்பது இதற்குத்தான். இரண்டு உள்ளங்கையையும் அழுத்தித் தேய்க்கும்போது சூடும் உராய்வும் தெரிகிறது. அதே நேரத்தில் படுக்கையில் அசையாமல் கிடக்கும் கைகளை மூளை உணர முடிவதில்லை. இரண்டு ஜோடிக் கைகளை ஒரே சமயத்தில் உணர்வது கஷ்டம். லபெர்ஜ் தன்னார்வலர்களை வைத்து இதை ஒப்பிட்டுப் பார்த்தார். கனவு மங்கத் தொடங்கும்போது நின்ற இடத்தில் பம்பரமாகச் சுற்றியவர்களுக்குக் கனவு தொடர்வதற்கான வாய்ப்பு 22க்கு 1 என்று, அதாவது 22 முறை தொடர்ந்தால் 1 முறை கலையும் என்று இருந்தது, கையைத் தேய்த்தவர்களுக்கு 13க்கு 1. ஒன்றும் செய்யாமல் போகிற போக்கில் விட்டவர்களுக்கு 1க்கு 2, அதாவது கலைவதற்கே வாய்ப்பு அதிகம். சிறிய அளவில் செய்த முதல்கட்ட ஆய்வுதான், எண்களை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் சும்மா இருந்தால் கலையும், ஏதாவது செய்தால் நிற்கும் என்ற போக்கு நான் கண்டதோடு ஒத்துப்போகிறது.

நான் கண்ட ஒரு கனவை வைத்துச் சொன்னால் புரியும். ரயில் நிலைய நடைமேடையில் நிற்கிறேன். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் விழுப்புரம் என்று இருக்கிறது, கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் எழுத்துகள் இடம் மாறி வாயில் நுழையாத ஒரு பெயராக நிற்கின்றன. எழுத்தை இரண்டு தரம் வாசித்துப் பார்ப்பது என் பழக்கம், அதனால் கனவு என்று உடனே தெரிந்துவிட்டது. படபடப்பு வந்தது. எங்கேயும் ஓடவில்லை, பலகையின் பக்கத்திலேயே நின்று கையைத் தேய்த்தேன், பிறகு அந்தப் பெயிண்ட் எழுத்துகளின் விளிம்பை விரலால் தடவினேன். பெயிண்ட் தடித்திருந்த மேடு, அதற்குக் கீழே சிமெண்டின் சொரசொரப்பு, ஒரு இடத்தில் உரிந்து நகத்தில் மாட்டிய துணுக்கு. தடவத் தடவ, சற்று முன் மங்கலாக இருந்த நடைமேடை முழுக்கத் துலங்கியது. தூரத்துக் கம்பங்கள் வரைக்கும் கூர்மையாகத் தெரிந்தன. அப்புறம் டீ வாசனை வந்தது, அதை நான் கேட்கவே இல்லை. ஒரு புலனைச் சரியாகப் பிடித்தால் மற்றவற்றைக் கனவே கொண்டுவந்து சேர்க்கும்.

அதனால் முதல் அரை நிமிடத்துக்கு வேறு எந்தத் திட்டமும் வேண்டாம். சுவர், தரை, உடுத்தியிருக்கும் துணி, கையில் கிடைப்பது எதுவானாலும் தொடுங்கள். "இது கனவு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அது அமைதியான குரலில் இருக்கட்டும். காட்சி நிலைத்த பிறகு நடக்க ஆரம்பிக்கலாம்.

கண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ரெம் தூக்கத்தில் உடம்பின் தசைகள் கிட்டத்தட்ட முழுக்கச் செயலிழந்து கிடக்கும், மூச்சு விடும் தசையும் கண்ணை அசைக்கும் தசைகளும் தப்பிவிடுகின்றன. தெளிகனவு உண்மை என்று நிரூபணமானதே கண்கள் இப்படி அசைவதால்தான். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் 1975 ஏப்ரலில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர், ஆலன் வொர்ஸ்லி என்பவரின் தூக்கத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார். முன்பே பேசிவைத்தபடி வொர்ஸ்லி கனவுக்குள்ளிருந்து கண்களை இடமும் வலமுமாகத் திரும்பத் திரும்ப அசைத்தார், வெளியே காகிதச் சுருளில் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே விழுந்தது. லபெர்ஜ் அதைத் தனியாகச் செய்து காட்டி 1981இல் வெளியிட்டார். அதாவது கனவில் நீங்கள் பார்க்கும் திசைக்கு உங்கள் உண்மையான விழிகளும் திரும்புகின்றன. கனவில் ஒரே புள்ளியை அசையாமல் முறைத்துப் பார்த்தால் நிஜக் கண்களும் நின்றுபோகும், கனவும் மெல்லக் கரையத் தொடங்கும். பால் தோலே என்ற ஜெர்மன் உளவியலாளர் இதையே விழிப்பதற்கான வழியாகச் சொல்லிக்கொடுத்தார். ஆகவே அழகான ஒன்றைக் கண்டால் வைத்த கண் வாங்காமல் பார்க்காதீர்கள். கையைப் பாருங்கள், தரையைப் பாருங்கள், தூரத்து மரத்தைப் பாருங்கள், பார்வையை நகர்த்திக்கொண்டே இருங்கள்.

பறப்பது பற்றி நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. தெரிந்தவுடன் எல்லோரும் செய்ய நினைப்பது அதைத்தான், முதல் ஐந்து நிமிடத்துக்கு அதைத் தள்ளிப் போடுங்கள் என்பேன். ஆகாயத்தில் தொட எதுவுமில்லை. காலுக்குக் கீழே தரை இல்லை, பார்ப்பதற்கும் வெறும் நீலம்தான். புலன்களுக்கு வேலை குறைந்தவுடன் கவனம் படுக்கைக்குத் திரும்பிவிடுகிறது. வெறுங்காலோடு நடப்பது அவ்வளவு கவர்ச்சியாகத் தோன்றாது, ஆனால் ஒவ்வொரு அடியிலும் பாதத்தில் ஏதோ ஒன்று தெரிகிறது, காட்சியும் மாறிக்கொண்டே வருகிறது. நீண்ட கனவுகள் எனக்கு வாய்த்தது பெரும்பாலும் நடையில்தான்.

தெளிகனவு முடிவதற்கு இரண்டு வழிகள் உண்டு, ஒன்றைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள். ஒன்று, விழித்துவிடுவது. இன்னொன்று, கனவு ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் இது கனவு என்பது உங்களுக்கு மறந்துவிடும். பத்து விநாடித் தடையைத் தாண்டியவர்களுக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய எதிரி. கனவில் ஒருவர் வந்து உங்களிடம் சண்டை போடுவார், அல்லது தேர்வுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்வார், நீங்களும் அதை நம்பி ஓடிவிடுவீர்கள். காலையில் எழுந்து "அடடா, பாதியில் விட்டுவிட்டேனே" என்று தோன்றும். இதற்கு மருந்து ஒன்றுதான்: காட்சி மாறும் ஒவ்வொரு முறையும், கதவு தாண்டும் ஒவ்வொரு முறையும், "இது கனவு" என்று மறுபடி சொல்லிக்கொள்வது. கனவு மனிதர்களோடு பேசலாம், தாராளமாகப் பேசுங்கள், பதில்கள் சில சமயம் திகைக்க வைக்கும். அவர்களுடைய அவசரத்தை மட்டும் உங்களுடையதாக்கிக் கொள்ளாதீர்கள்.

உள்ளே என்ன செய்யப்போகிறோம் என்பதைத் தூங்குமுன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். முன்பு சொன்ன கருத்தாய்விலும், திட்டத்தோடு போனவர்கள் பலரால் உள்ளே அதை நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை, அல்லது செய்வதற்குள் விழித்துவிட்டார்கள் என்றுதான் வந்தது.

சரி, இவ்வளவும் செய்தும் கனவு மங்குகிறது என்று வையுங்கள். முதலில் போவது நிறம், பிறகு உருவங்களின் ஓரம். தொடு உணர்வுதான் கடைசியாகப் போகும். அதனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் பதற வேண்டாம், கையில் இன்னும் எதையாவது உணர முடிந்தால் கனவு முடியவில்லை. அந்த இருட்டில் சுற்றத் தொடங்குங்கள், கைகளை விரித்துக்கொண்டு. தலை சுற்றும் உணர்வு வரவேண்டும், அதுதான் முக்கியம். சுற்றும்போதே "அடுத்து வருவதும் கனவுதான்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். நிற்கும்போது பெரும்பாலும் வேறு ஓர் இடம் வந்திருக்கும். ஆனால் அந்த இடம் உங்கள் படுக்கையறையாகவும் இருக்கலாம், அங்கேதான் பலர் விழித்துவிட்டதாக நினைத்து ஏமாந்துபோகிறார்கள்.

அதையும் மீறி முழிப்பு வந்துவிட்டதா? இனிமேல்தான் கோர்க்கும் வித்தை. அசையாதீர்கள். கண்ணைத் திறக்காதீர்கள், புரண்டு படுக்காதீர்கள், மணி என்ன என்று ஃபோனை எடுக்கவே எடுக்காதீர்கள். கடைசியாக இருந்த இடத்தை, குறிப்பாகக் கடைசியாகத் தொட்ட பொருளை, அதே உணர்வோடு நினையுங்கள். மூளை இன்னும் ரெம்மை விட்டு முழுக்க வெளியே வரவில்லை, பல சமயம் அரை நிமிடத்துக்குள் மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படிப் போகும்போது உடம்பு அதிர்வது போலவோ காதில் இரைச்சலோ வரலாம், கை கால் அசைக்க முடியாமல் நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போலவும் இருக்கலாம். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்களே, அதுதான். ரெம்மின் தசை முடக்கம் விடுமுன் நினைவு வந்துவிட்டது, அவ்வளவே. ஆபத்தில்லை. மூச்சு விடும் தசை தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். பயப்படாமல் மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டிருந்தால் அதுவே கனவுக்குள் போகும் வாசலாகிவிடும். தள்ளிவிடப் போராடினால் முழுதாக விழித்துவிடுவீர்கள்.

இதெல்லாம் எந்த நேரத்தில் நடக்கிறது என்பது பாதி வெற்றி. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பலிப்பதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் விடியற்காலைக் கனவு நீளமானது, துலக்கமானது, அதிலிருந்து நேராக விழிப்பதால் நினைவில் நிற்பது. இரவு பதினொரு மணிக்குப் படுத்தால் நாலரை மணியிலிருந்து ஆறரை வரை உங்கள் நல்ல நேரம். படுத்து ஐந்து மணி நேரம் கழித்து எழுந்து, அரை மணி நேரம் போல விழித்திருந்து, கடைசியாகக் கண்ட கனவை நினைத்துப் பார்த்து, "அடுத்த கனவில் இது கனவு என்று எனக்குத் தெரியும்" என்ற எண்ணத்தை மனசார வைத்துக்கொண்டு மறுபடி தூங்குங்கள். அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி 2017இல் வெளியிட்ட ஆய்வில் இந்த முறையை, பகலில் "இது கனவா?" என்று சோதித்துப் பார்க்கும் பழக்கத்தோடு சேர்த்துச் செய்தவர்களுக்குச் சுமார் 17 சதவீத முயற்சிகளில் தெளிகனவு வந்தது. அந்தப் பயிற்சியை முடித்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கோ 46 சதவீதம். ஆகவே எழுந்திருக்கும்போது ஃபோன் வெளிச்சத்தில் மூழ்கித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மார்கழி மாதம் கோயில் ஒலிபெருக்கி அதே நேரத்துக்குப் பாட ஆரம்பிக்கும் தெருவில் இருப்பவர்கள் ஒன்று செய்யலாம், "பாட்டுக் கேட்டால் இது கனவு" என்று முன்கூட்டியே மனசில் போட்டு வையுங்கள். வெளிச் சத்தம் கனவுக்குள் நுழைகிறது என்பது இட்டுக்கட்டிய கதை இல்லை. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து என நாலு நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், தூங்கிக்கொண்டிருந்தவரிடம் எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்று கேட்க, அவர் கனவுக்குள்ளிருந்தே கண்ணை அசைத்து இரண்டு என்று சரியாகப் பதில் சொன்னார்.

மாத்திரை பற்றியும் கேட்பீர்கள். மறதி நோய்க்குத் தரும் காலண்டமைன் என்ற மருந்தை வைத்து லபெர்ஜ் குழு 121 பேரிடம் செய்த ஆய்வு 2018இல் வந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கு 14 சதவீதம், 4 மில்லிகிராமுக்கு 27, 8 மில்லிகிராமுக்கு 42 சதவீதம் பேருக்குத் தெளிகனவு வந்தது. வேலை செய்கிறது என்பது உண்மை. ஆனாலும் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கிப் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடிய மருந்து அது, குமட்டலும் வரும். அதே போல, குடித்துவிட்டுப் படுத்தால் ரெம் தூக்கம் அடிபடும். மன அழுத்தத்துக்கான பல மாத்திரைகளும் ரெம்மைக் குறைக்கும், அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது. எது நிஜம் எது இல்லை என்பதில் ஏற்கெனவே தடுமாற்றம் தரும் மனநோய் உள்ளவர்கள், இருமுனைக் கோளாறுக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் இந்தப் பயிற்சியை விட்டுவிடுவது நல்லது. இடையில் எழுந்து தூங்கும் முறையை வாரத்தில் விடுமுறை நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டால் கனவும் கெடும்.

கடைசியாக, உள்ளே மாட்டிக்கொள்ளும் பயம். அப்படி மாட்ட முடியாது, ரெம் கட்டம் தானாக முடிந்தே தீரும். மாட்டிக்கொண்டது போன்ற உணர்வு எதிலிருந்து வருகிறது என்றால், பொய் விழிப்பிலிருந்து. எழுந்து பல் தேய்த்து, காபி குடித்து, எல்லாம் செய்த பிறகு அதுவும் கனவு என்று தெரியும், மறுபடி எழுவீர்கள், அதுவும் கனவாக இருக்கும். இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் பயம் வருவது இயல்புதான். வெளியே வர வேண்டுமென்றால் முன்பு வேண்டாம் என்று சொன்னதைச் செய்யுங்கள்: ஒரே புள்ளியை அசையாமல் முறைத்துப் பாருங்கள், படுக்கையில் இருக்கும் உடம்பை நினையுங்கள். வெளியே வந்துவிட்டோமா என்று பார்க்க மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயையும் மூடி, மூச்சு இழுத்துப் பாருங்கள். கனவில் மூக்கைப் பொத்தினாலும் காற்று தாராளமாக உள்ளே போகும். விழித்ததும் கனவை எழுதிவைக்க நோட்டை எடுக்குமுன் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள், ஏனென்றால் பொய் விழிப்பில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நிறையப் பேர், நிஜமாக எழுந்து பார்த்தால் நோட்டில் ஒரு வரி கூட இருக்காது.